குவைத் மணலில் கிடைத்த புழுப்பல்லி எந்தக் குடும்பம்?

கேட்டவர் குவைத்தில் கட்டுமான வேலையில் இருப்பவர். குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டும்போது ஒரு சாண் நீளத்துக்குக் காலில்லாத ஒன்று மணலோடு மேலே வந்திருக்கிறது. இளஞ்சிவப்பும் மஞ்சளும் கலந்த உடம்பு, மேலே ஊதாப் பழுப்புப் புள்ளிகள். கூட இருந்தவர்கள் மண்ணுளிப் பாம்பு என்றார்களாம். ஒருவர் அடித்துவிடலாம் என்று கம்பியை எடுத்தாராம். பிறகு தேடிப் பார்த்ததில் டிப்ளோமெட்டோபான் என்ற பெயர் கிடைத்திருக்கிறது. ஆனால் ஓரிடத்தில் அதை ஆம்ஃபிஸ்பீனிடே குடும்பம் என்றும், இன்னோரிடத்தில் ட்ரோகோனோஃபிடே குடும்பம் என்றும் போட்டிருக்கிறார்கள். எது சரி, இது பாம்பா பல்லியா என்பதுதான் கேள்வி.

முதலில் அவசரமான பதில். அதற்கு விஷம் இல்லை. அடிக்க வேண்டாம். படத்துக்குக் கீழே குடும்பம் எழுதுவதானால் ட்ரோகோனோஃபிடே என்று எழுதுங்கள், இன்றைய வழக்கு அதுதான். மற்ற பெயரைப் போட்டவர்களும் கற்பனையாகப் போடவில்லை, பழைய நூல்களில் அப்படித்தான் இருக்கிறது. ஏன் மாறியது என்பது கொஞ்சம் நீளமான கதை.

இது புழுப்பல்லிகள் என்ற, மண்ணுக்குள் வாழும் ஊர்வனக் கூட்டத்தைச் சேர்ந்தது. முழுப் பெயர் டிப்ளோமெட்டோபான் ஸருட்னியி. இந்தப் பேரினத்தில் இருப்பது இந்த ஒரே இனம்தான். ரஷ்ய விலங்கியலாளர் நிகோல்ஸ்கி 1907இல் பெயர் வைத்தார். பாரசீகத்தில் பலமுறை பயணம் செய்து பறவைகளையும் ஊர்வனவற்றையும் சேகரித்த நிகொலாய் ஸருட்னியின் நினைவு இனப் பெயரில் இருக்கிறது. பேரினப் பெயர் கிரேக்கத்திலிருந்து வந்தது, பொருள் 'இரட்டை நெற்றி'. ஈரானின் தென்மேற்கு மூலை, ஈராக், குவைத், சவூதி, கத்தார், அமீரகம், ஓமன் என்று வளைகுடாவைச் சுற்றியுள்ள மணல்தான் இதன் வீடு. இந்தியாவிலோ இலங்கையிலோ எந்தப் புழுப்பல்லியும் கிடையாது. அதனால்தான் நம் ஆட்களுக்கு இதைக் கண்டதும் வாயில் வேறு பெயர் வருகிறது.

அந்த வேறு பெயர்களை ஒதுக்கிவிடலாம். நம் ஊர் மண்ணுளிப் பாம்பு, அதாவது இருதலைப் பாம்பு என்று சொல்லிக் கோடிக்கணக்கில் விலை போகும் என்று புரளி கிளப்பிக் கடத்துகிறார்களே, அது உண்மையான பாம்பு. தடித்த உடம்பு, மழுங்கிய வால், வழவழப்பான செதில், வெளியே தெரியும் கண். அதன் உறவுக்காரப் பாம்பு ஒன்று வளைகுடா மணலிலும் உண்டு. மஸ்கட்டில் மருத்துவராக இருந்த ஆத்மாராம் ஜெயகர் என்ற இந்தியரின் பெயரை அது தாங்கியிருக்கிறது. மணலுக்குள் புதைந்துகொண்டு எட்டிப் பார்க்க வசதியாக அதன் கண்கள் தலை உச்சிக்கு வந்துவிட்டன. நீங்கள் பார்த்ததில் கண் என்று ஒன்று இருந்ததா? கூர்ந்து பார்த்தால் தோலுக்கு அடியில் மங்கலாக ஒரு கரும்புள்ளி தெரிந்திருக்கும், அவ்வளவுதான். பூந்தொட்டி மண்ணில் வரும் கருத்த புழுப்பாம்புக்கும் கண் இப்படித்தான் இருக்கும். ஆனால் அதன் செதில்கள் மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். புழுப்பல்லியின் உடம்பு முழுக்க வளையம் வளையமாக இருக்கும், ஒவ்வொரு வளையமும் சின்னச் சின்னச் சதுரக் கட்டங்களால் ஆனது. அந்த வளையங்களை நம்பி மண்புழு என்று நினைத்தால், வாயைத் திறந்து பாருங்கள்: பல் இருக்கும், பிளந்த நாக்கு இருக்கும், உள்ளே முதுகெலும்பு இருக்கும்.

எனக்கு இந்தப் பிராணி பழக்கமானது சவூதியின் கிழக்குப் பகுதியில் வேலை பார்த்த காலத்தில். இரவில் டார்ச் அடித்துக்கொண்டு மணல்மேட்டில் நடந்தால் நூலை இழுத்து விட்டாற்போல வளைந்து வளைந்து ஒரு தடம் போகும், திடீரென்று ஓரிடத்தில் அறுந்து நிற்கும். அந்த முனையில் விரல் விட்டு மணலை விலக்கினேன். உள்ளங்கையில் ஏறியது. ஓடப் பார்க்கவில்லை. முகத்தை நேராக என் இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து அழுத்தி, தலையை ஒரு பக்கம் திருகியது, உடனே மறு பக்கம் திருகியது. மறுபடி வலம், மறுபடி இடம். வலிக்கவில்லை, ஆனால் அந்தச் சின்ன உடம்பில் இவ்வளவு பலமா என்று ஆச்சரியமாக இருந்தது. தலை அத்தனை திருகு திருகியும் உடம்பு மட்டும் புரளவே இல்லை, கையோடு ஒட்டிக்கொண்டாற்போல நின்றது. தூக்கி அடிப்பக்கம் பார்த்தேன். வயிறு தட்டையாக இருந்தது. குறுக்கே வெட்டினால் வட்டமாக இருக்காது, ஏறத்தாழ முக்கோணமாக இருக்கும்.

வகைப்பாட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது.

உலகில் ஏறத்தாழ 200 இனப் புழுப்பல்லிகள் உண்டு. தோண்டும் முறையை வைத்து அவற்றின் தலைகளை நான்கு விதமாகப் பிரிப்பார்கள். சிலவற்றுக்கு உருண்டைத் தலை, முட்டி முட்டியே போகும். சிலவற்றுக்கு மண் அள்ளும் சவுல் போலத் தட்டையான தலை, மண்ணுக்குள் குத்தி மேல்நோக்கி நெம்பிக் கூரையை அமுக்கும். சிலவற்றுக்குப் படகின் முனை போலப் பக்கவாட்டில் ஒடுங்கிய தலை, இடமும் வலமுமாகச் சுவரைத் தள்ளும். நாலாவது நம்முடையது. முகத்தின் ஓரம் விளிம்பு கட்டி வெட்டுக்கருவி போல இருக்கும். ஊருக்குப் போனால் பழைய தச்சர் யாராவது துறப்பணம் வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். கயிற்றை இழுத்தால் ஒரு சுற்று வலம், விட்டால் ஒரு சுற்று இடம், துளை இறங்கிக்கொண்டே போகும். டிப்ளோமெட்டோபானின் தலை வேலை செய்வது அதே மாதிரிதான். விளிம்பு சுரங்கத்தின் சுவரைச் சீவுகிறது, சீவிய மண்ணை உடம்பின் பக்கங்கள் சுவரிலேயே அமுக்கிப் பூசிவிடுகின்றன. மண்ணை வெளியே அள்ளிக் கொட்டும் வேலையே இல்லை. துறப்பணம் சுற்றும்போது கட்டையும் சேர்ந்து சுற்றினால் துளை விழாது, அதனால் தச்சர் கட்டையைக் காலால் மிதித்துக்கொள்வார். இங்கே அந்தக் காலின் வேலையைத்தான் தட்டை வயிறும் முக்கோண உடம்பும் செய்கின்றன. குட்டையான கூர்வாலும் கீழ்நோக்கி ஊன்றிக்கொள்ள உதவுகிறது.

இதையெல்லாம் முதலில் பொறுமையாக எழுதி வைத்தவர் கார்ல் கான்ஸ். இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு விலங்கியலுக்கு வந்தவர். அவர் எழுதியதைப் படித்தால் அது தெரியும்; எலும்பைக் கூட எங்கே விசை விழுகிறது, எங்கே தாங்குகிறது என்றுதான் பார்ப்பார். 1960இல் அவர் இந்தக் குழுவை முழுக்க மறு ஆய்வு செய்தார். தலைப்பிலேயே ட்ரோகோனோஃபினே என்று துணைக்குடும்பமாக வைத்திருந்தார், அதாவது ஆம்ஃபிஸ்பீனிடே என்ற பெரிய குடும்பத்துக்குள் ஒரு கிளை. நீங்கள் பார்த்த முதல் பெயர் அந்தக் கணக்கில் வந்தது. உண்மையில் குடும்பப் பெயர் அதைவிடப் பழையது, பிரிட்டிஷ் விலங்கியலாளர் ஜான் எட்வர்ட் கிரே 1865இல் வைத்தது. இடையில் துணைக்குடும்பமாக இறக்கப்பட்டு, பிறகு மறுபடி குடும்பமாக ஏற்றப்பட்டது. ஆக இரண்டு குறிப்பும் ஒரே பிராணியை, ஒரே கூட்டத்தை, இரண்டு வேறு உயரத்தில் வைத்துப் பேசுகின்றன.

அந்தக் கூட்டத்தில் நான்கு பேரினங்கள், ஆறு இனங்கள். டிப்ளோமெட்டோபான் ஒன்று. சொகோத்ரா தீவில் மட்டும் வாழும் பாக்கிகாலமஸ் ஒன்று. ஆப்பிரிக்கக் கொம்புப் பகுதியிலும் யேமனிலும் இருக்கும் அகமோடான், அதில் மூன்று இனங்கள். மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியா பக்கம் வாழும் ட்ரோகோனோஃபிஸ் ஒன்று, குடும்பத்துக்கே பெயர் கொடுத்தது அதுதான். வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் மூன்று பேரினங்கள் அரேபியாவைச் சுற்றி நெருக்கமாக இருக்க, ஒன்று மட்டும் வெகு தூரம் தள்ளி மேற்கே கிடக்கிறது. அதற்கு முட்டை கிடையாது, குட்டி போடும். கல்லுக்கடியில் வாழும், நத்தையை ஓட்டோடு கடித்து நொறுக்கித் தின்னும்.

இந்த நான்கையும் ஒரே குடும்பம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? பல்லை வைத்து. எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இது. மற்றப் புழுப்பல்லிகளுக்குப் பல் தாடையின் உட்பக்கச் சுவரில் சாய்ந்து ஒட்டியிருக்கும், நம் வீட்டுப் பல்லிக்கு இருப்பது போல. இந்த ஆறு இனங்களுக்கு மட்டும் பல் தாடையின் விளிம்பு மேலேயே எலும்போடு எலும்பாகப் பற்றியிருக்கும். இந்த அமைப்பு ஓணானுக்கு உண்டு, பச்சோந்திக்கு உண்டு, அங்கே பாலைவனத்தில் நீங்கள் பார்க்கும், அரபியில் 'தப்' எனப்படும் முள்வால் பல்லிக்கும் உண்டு. அதற்காக இவை ஓணானின் சொந்தம் என்று சொல்லிவிட முடியாது, அது தனியாகத் தோன்றியது. ஆனால் புழுப்பல்லிகளுக்குள்ளே இது ஒரு நல்ல அடையாளம், ஏனென்றால் தோண்டும் வேலைக்கும் பல் தாடையில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்: வேறு பல புழுப்பல்லிகள் பிடிபட்டால் வாலைத் துண்டித்துவிட்டுப் போகும், இந்தக் குடும்பம் அதைச் செய்வதில்லை.

தோண்டும் வேலைக்குத் தொடர்பில்லாதது என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், புழுப்பல்லிகளை வகைப்படுத்தப் போனவர்கள் இருநூறு வருடமாக இடறி விழுந்தது அந்தக் கல்லில்தான். லின்னேயஸ் 1758இல் ஆம்ஃபிஸ்பீனா என்று பெயர் வைத்தபோது பாம்புகளோடு சேர்த்தார். கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு இரு புறமும் போவது என்று பொருள். பிரேசில்காரர்கள் அவற்றை இன்றும் இருதலைப் பாம்பு என்றுதான் சொல்கிறார்கள். நம் ஊரிலும் பிரேசிலிலும் இரண்டு வேறு பிராணிகளுக்கு ஒரே பெயர், காரணமும் ஒன்றே, மழுங்கிய வால். காலில்லை, நீள உடம்பு, ஆகவே பாம்பு என்பது லின்னேயஸ் காலத்துக் கணக்கு. பிறகு உடம்பைத் திறந்து பார்த்தவர்கள் குழம்பினார்கள். பாம்புகளுக்கு இடது நுரையீரல் சிறுத்துப் போயிருக்கும், இவற்றுக்கு வலது சிறுத்திருக்கிறது. மேல்தாடையின் நடுவில் ஒற்றைப் பெரிய பல், கீழே இரண்டு பல்லுக்கு இடையில் போய்ப் பொருந்துகிறது. வெளிக்காது கிடையாது, ஆனால் காதெலும்பிலிருந்து ஒரு குருத்தெலும்புத் தண்டு தாடையோரமாக முன்னே ஓடி முகத்துத் தோலைத் தொடுகிறது; மணலில் நகரும் பூச்சியின் அதிர்வை முகத்தாலேயே கேட்கிறது. பாம்பும் இல்லை, பல்லியும் இல்லை, இரண்டுக்கும் இணையாக மூன்றாவது பிரிவாகவே வைத்துவிடலாம் என்ற கருத்துக்குக் கான்ஸ் போன்றவர்களே ஆதரவாக இருந்தார்கள்.

எலும்பை மட்டும் வைத்து உறவு பார்த்தவர்களுக்கு ஒரு சிக்கல் தீரவே இல்லை. மண்ணுக்குள் போன எல்லா ஊர்வனவும் ஒரே மாதிரி மாறுகின்றன. கண் சுருங்கும், கால் போகும், மண்டையோட்டு எலும்புகள் ஒன்றோடொன்று பல் பல்லாகக் கோத்து இறுகும், உடம்பு நீளும். கணினியில் நூற்றுக்கணக்கான எலும்புப் பண்புகளைப் போட்டு உறவுமரம் வரையச் சொன்னால், மண்ணுக்குள் வாழ்வதெல்லாம் ஒரே கிளையில் வந்து குவிந்துவிடும், புழுப்பல்லியும் பாம்பும் காலற்ற பல்லிகளும் ஒரே கூட்டமாக. ஒரே சட்டை போட்ட எல்லாரும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்று நினைப்பது மாதிரிதான் இது. மாரீன் கியர்னி என்ற ஆய்வாளர் 2003இல் உயிருள்ளவற்றையும் புதைபடிவங்களையும் சேர்த்து எலும்பின் வழியாகவே செய்த ஆய்வு மிக நேர்த்தியானது. அடுத்த ஆண்டே அவர் பிரையன் ஸ்டூவர்ட்டோடு சேர்ந்து, பழைய எலும்புகளிலிருந்தும் டிஎன்ஏ எடுத்து இன்னொரு மரம் வரைந்தார். இரண்டும் ஒத்துப்போகவில்லை.

மெக்சிகோவில் பைப்பெஸ் என்று ஒரு புழுப்பல்லி உண்டு. பின்னங்கால் கிடையாது, முன்னங்கால் மட்டும் குட்டியாக, நகத்தோடு, கழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும். கால் இன்னும் மிச்சம் இருக்கிறது என்பதால் அதுதான் மூதாதைக்கு நெருங்கியது, மரத்தின் அடியில் நிற்க வேண்டியது என்று நினைத்திருந்தார்கள். டிஎன்ஏ சொன்னது வேறு: அடியில் நிற்பது ஃப்ளோரிடாவின் ரைனியூரா. அதற்குக் காலே இல்லை, தலையோ அப்பட்டமான சவுல் தலை. அப்படியானால் கால் ஒரே முறை போகவில்லை, குறைந்தது மூன்று முறை தனித்தனியாகப் போயிருக்க வேண்டும். சவுல் தலையும் வெவ்வேறு கிளைகளில் தனித்தனியாக வந்திருக்கிறது. தலையின் வடிவத்தை வைத்துப் பேரினம் பிரித்ததெல்லாம் ஆட்டம் கண்டது. தென் அமெரிக்காவில் தலை வடிவத்தால் தனிப் பேரினங்களாக வைத்திருந்த சிலவற்றை 2009இல் வந்த டிஎன்ஏ ஆய்வு ஒன்று அப்படியே ஆம்ஃபிஸ்பீனாவுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதில் லெப்போஸ்டெர்னானை மட்டும் வேறு சிலர் 2011இல் மறுபடி வெளியே எடுத்தார்கள். அந்த வழக்கு நமக்கு வேண்டாம்.

இந்தப் புயலில் ட்ரோகோனோஃபிடே கலையவில்லை. பல்லை அடையாளமாகப் பிடித்து ஒன்றாக வைத்த கூட்டம் தனிக் குடும்பமாகவே நின்றது. அதன் பக்கத்துக் கிளையாக டிஎன்ஏ காட்டுவது ஆம்ஃபிஸ்பீனிடேயை. ஆக அதைத் துணைக்குடும்பமாக வைத்த பழைய ஆட்கள் உறவைத் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் இப்போது புழுப்பல்லிகளை ஆறு குடும்பங்களாகப் பிரிக்கிறார்கள், மற்ற நான்கும் ஃப்ளோரிடாவின் ரைனியூரிடே, மெக்சிகோவின் பைப்பெடிடே, மத்தியதரைக் கடலோரத்து பிளானிடே, கியூபாவின் காடெயிடே. சிறியதோ பெரியதோ, தனிக் கிளைக்குத் தனிக் குடும்பம் என்ற கணக்கில் ட்ரோகோனோஃபிடேயும் தனியாக நிற்பதுதான் பொருத்தம் என்பது என் கருத்து. பல், உடம்பின் வடிவம், தோண்டும் முறை என்று மூன்றும் சேர்ந்து தனியாக இருக்கும் கூட்டத்தை ஒரு பெரிய குடும்பத்தின் மூலையில் திணித்தால் அது கண்ணிலிருந்தே மறைந்துவிடும்.

சரி, பாம்பா பல்லியா என்ற பாதிக் கேள்வி இருக்கிறது. 2004 முதல் வந்த டிஎன்ஏ ஆய்வுகள் திரும்பத் திரும்ப ஒரே இடத்தைக் காட்டுகின்றன: புழுப்பல்லிகளுக்கு மிக நெருங்கிய உறவு லாசெர்டிடே குடும்பம். நான்கு காலும் நீண்ட வாலும் வைத்துக்கொண்டு வெயிலில் விறுவிறுவென்று ஓடுமே, அந்தப் பல்லிகள். ஜெர்மனியின் மெஸ்ஸல் குழியில் கிடைத்த 4.7 கோடி ஆண்டுப் பழமையான கிரிப்டோலாசெர்டா என்ற புதைபடிவத்தை 2011இல் வெளியிட்டபோது, சிறுத்த காலும் இறுகிய மண்டையுமாக இரண்டுக்கும் பாலம் போல இருக்கிறது என்றார்கள். பிறகு அதன் இடம் பற்றி மாற்றுக் கருத்துகளும் வந்தன. புதைபடிவம் எப்படிப் போனாலும் டிஎன்ஏ காட்டும் உறவு நிற்கிறது. பாம்புகள் வேறு கிளை. உடும்பும் ஓணானும்தான் பாம்புக்குப் பக்கத்தில் வருகின்றன. ஆகவே, உங்கள் கேள்விக்கு: பல்லிதான்.

அந்த உறவைக் கண்ணால் பார்க்க நீங்கள் எங்கும் போக வேண்டாம். பகலில் அதே வேலையிடத்து மணலில், விரலோரங்களில் சீப்புப் பல் போலச் செதில் வைத்துக்கொண்டு சூட்டில் துள்ளி ஓடும் சின்னப் பல்லி இருக்கும். அகாந்தோடாக்டைலஸ் என்று பெயர், லாசெர்டிடே குடும்பம். மேலே ஓடுவதும் கீழே திருகிப் போவதும் சொந்தக்காரர்கள்.

அடுத்த முறை கிடைத்தால் மூன்று படம் எடுங்கள்: முகம் பக்கவாட்டில், வயிறு, வாலின் நுனி. அடையாளத்துக்கு இந்த மூன்று போதும். கையில் ரொம்ப நேரம் வைத்திருக்காதீர்கள், மண்ணுக்குள் வாழ்வதற்கு வெயில் ஆகாது. பள்ளத்திலிருந்து தள்ளி, கொஞ்சம் ஈரம் பிடித்த மணலாகப் பார்த்து வையுங்கள். வைத்ததும் மூக்கை ஊன்றும், முகத்தை வலம் ஒரு திருகு, இடம் ஒரு திருகு. எண்ணி முடிப்பதற்குள் வால் நுனி மட்டும் வெளியே நிற்கும்.